பிறக்காத மென்பொருளில் நாலு வருட அனுபவம் கேட்டால் என்ன செய்வது?

வேலை விளம்பரத்தில் பொருந்தாத ஒரு தகுதியைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். அந்த வரியை யார் எழுதியிருப்பார் என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் டீம் லீடர் எழுதியதாக இருக்காது. ஹெச்ஆரில் பழைய விளம்பரத்தை எடுத்து, மென்பொருள் பெயரை மட்டும் மாற்றி, வருடக் கணக்கை அப்படியே விட்டிருப்பார்கள்.

2020 ஜூலையில் ஒரு விளம்பரம் ஃபாஸ்ட்ஏபிஐ-யில் (பைத்தான் நிரல்மொழியில் வெப் சர்வீஸ் எழுத உதவும் மென்பொருள்) 4 வருட அனுபவம் கேட்டது. அதை உருவாக்கிய செபாஸ்டியன் ரமிரெஸ், தனக்கே ஒன்றரை வருடம்தான் இருக்கிறது என்று ட்விட்டரில் எழுதினார். படைத்தவனே விண்ணப்பிக்க முடியாத வேலை!

எனவே விளம்பரம் கேட்கும் மென்பொருளின் வயதைக் கணக்கிடுங்கள். கூபர்னெட்டீஸும் ஸ்விஃப்டும் 2014இல் வந்தவை. ஃப்ளட்டர் 1.0 வந்தது 2018 டிசம்பரில், சாட்ஜிபிடி 2022 நவம்பரில். மற்றவற்றுக்கு, மென்பொருள் கோடுகளை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ‘ரிலீசஸ்’ பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் முதல் வெளியீட்டுத் தேதி கிடைக்கும். கேட்கும் வருடம் மென்பொருளின் வயதைத் தாண்டினால் அது வெறும் கைப்பிழை, தயங்காமல் விண்ணப்பியுங்கள். வயதை ஒட்டி வந்தால் அவர்களுக்கு வேண்டியது சீனியர் ஆள். அங்கே உங்கள் மொத்த அனுபவம்தான் பேசும்.

சிக்கல் ஆன்லைன் படிவத்தில் வரும். ‘எத்தனை வருடம்?’ என்ற கட்டத்தில் உள்ளதைத்தான் போட வேண்டும். கூட்டிப் போட்டால் பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டரும் பிஎஃப் கணக்கின் சேர்ந்த, விலகிய தேதிகளும் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்த எண்ணைப் பார்த்து படிவமே தள்ளிவிட்டால் உள்ளே வேலை செய்பவர் வழியாகவோ, ஹெச்ஆருக்கு நேரடி மெயிலாகவோ ரெஸ்யூமே அனுப்புங்கள். விளம்பரத்தின் தவறைச் சுட்டிக்காட்டிப் பாடம் எடுக்க வேண்டாம். இரண்டு வரி போதும்: “பைத்தானில் 5 வருடம். அதில் கடைசி 2 வருடம் ஃபாஸ்ட்ஏபிஐ, பில்லிங் சர்வீஸ் ஒன்றை எழுதிப் பராமரித்தேன்.”

‘ஃப்ரெஷர் தேவை, 2 வருட அனுபவம் அவசியம்’ என்றால் பெரும்பாலும் அனுபவசாலியை ஃப்ரெஷர் சம்பளத்தில் தேடுகிறார்கள். முதல் போனிலேயே சம்பளத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60%, அரியர் இருக்கக் கூடாது என்ற வரி வேறு ரகம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் கோடிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம், நியாயம்தான். இருந்தாலும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும் இடத்தில் ஆளைக் குறைக்க வைத்த சல்லடை அது. 59.8ஐ 60 என்று போட்டால் மார்க்‌ஷீட் பார்க்கும் நாளில் ஆஃபர் போகும்.

‘சொந்த பைக், லைசென்ஸ்’ என்றால் அலைச்சல் வேலை. கிலோமீட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் படி என்று எழுத்தில் வாங்குங்கள். ‘எந்த நேரமும் வேலை செய்யத் தயார்’ என்றால் ஷிஃப்ட் நேரத்தையும் இரவு வண்டி வசதியையும் விசாரியுங்கள்.

டெபாசிட் கேட்டால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தங்களிடம் வைத்துக்கொள்வோம் என்றால் சம்மதிக்காதீர்கள், பிறகு வேலையை விட நினைத்தாலும் அது அவர்கள் பீரோவில் இருக்கும். ஒரிஜினலைக் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்குங்கள். ஜெராக்ஸில் ‘சரிபார்ப்புக்கு மட்டும்’ என்று நிறுவனத்தின் பெயர், தேதியோடு குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.