ஊனச் சான்றில் சதவீதம் எப்படி முடிவாகிறது?

மாற்றுத்திறனாளி சான்றுக்காக முகாமுக்குச் செல்பவர்களில் பலர், தம் கஷ்டத்தைக் கேட்டறிந்து மருத்துவர் சதவீதம் போடுவார் என்று எண்ணுகிறார்கள். அவர் எழுதுவது உறுப்பின் செயலிழப்பை மட்டுமே. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளையும் அளக்க மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை உண்டு. அதற்குள் நின்றுதான் மருத்துவர் முடிவெடுக்க முடியும்.

கால் பாதிப்பென்றால், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானி வைத்து அளந்து, தசையின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, நடப்பது, குந்துவது, படியேறுவது போன்றவற்றையும் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். செவிக்கு, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம்; அதில் சொல்லும் பதில்கள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை நேரடியாகப் பதியும் பெரா (BERA) சோதனைக்கு அனுப்புவார்கள். கண்ணுக்கோ, கண்ணாடி போட்ட பிறகும் எஞ்சும் குறையே கணக்கு. எனவே கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில் பயனில்லை.

பலரும் தடுமாறுவது இரண்டு குறைபாடுகள் இருக்கும்போதுதான். காலுக்கு 40, செவிக்கு 30 என்றால் கூட்டி 70 என்று எழுதமாட்டார்கள். நெறிமுறை தரும் சூத்திரப்படி, பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்தால் 50. அதைச் சிறிய எண்ணான 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17. அதை 40-உடன் சேர்க்க, 57 வருகிறது. "எனக்குக் குறைத்துவிட்டார்கள்" என்ற மனத்தாங்கலில் ஒரு பகுதி இந்தச் சூத்திரத்தால் வருவது.

சான்று கிடைத்தாலே உதவித்தொகை கிடைத்துவிடாது; அது தனி முடிவு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் தேவை.

ஆகவே முகாமுக்குப் போகும்போது மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பழைய சோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். நிலைமை மாறக்கூடும் என்று மருத்துவர் கருதினால் தற்காலிகச் சான்றே தருவார். அதில் உள்ள காலாவதித் தேதியைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே மறுபரிசோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிவை ஏற்க முடியாவிட்டால், சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 60 கொடுத்தார்களே என்ற வாதம் அங்கே எடுபடாது. எந்த அளவீடு தவறு என்பதைக் காட்டும் புதிய சோதனைத் தாளை மனுவுடன் இணையுங்கள்.