ஈரியோஃபைடு சிலந்திகளைப் பேரினமாகப் பிரிப்பது எப்படி?

அம்பாசமுத்திரத்துத் தென்னந்தோப்பில் உதிர்ந்து கிடக்கும் குரும்பையின் காம்பிதழ்களை நகத்தால் நெம்பினால், அடியில் வெளிறிய முக்கோணத் தழும்பு தென்படும். அங்கே கூட்டமாக வாழும் ஈரியோஃபைடு சிலந்தியின் (வலை பின்னும் சிலந்தியல்ல, செடிச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உண்ணி வகை) நீளம் கால் மில்லிமீட்டர்கூட இராது. சிலவற்றை மெல்லிய தூரிகையால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பதித்து, பேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் (நிறமற்ற பொருளையும் தெளிவாகக் காட்டும் நுண்ணோக்கி) பாருங்கள்.

புழுப்போன்ற உடலும் நான்கே கால்களும் பெருங்குடும்பத்தைக் காட்டிவிடும். பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதி) முன்முதுகுக் கேடயத்தின், அதாவது உடலின் முன்பகுதியை மூடும் தகட்டின், மயிர்களையே முதலில் கவனிக்க வேண்டும்: அவற்றின் முளைகள் (மயிர் எழும் சிறு புடைப்புகள்) கேடயத்தின் பின்விளிம்பில் அமைந்து, மயிர்கள் பின்னோக்கி நீண்டால் அசீரியா, முளைகள் விளிம்புக்கு முன்னே அமைந்து, மயிர்கள் முன்னோக்கியோ மேல்நோக்கியோ நின்றால் ஈரியோஃபையஸ். அடுத்து, உடல் வளையங்கள் முதுகிலும் வயிற்றிலும் ஏறக்குறைய சமமா என்று எண்ணுங்கள். இவ்விரு பேரினங்களிலும் அப்படித்தான் இருக்கும், முதுகில் வளையங்கள் குறைந்து அகன்றிருந்தால் வேறு பேரினத்தைத் தேடுங்கள். எந்தச் செடியில் கிடைத்தது என்பதை வைத்து மட்டும் முடிவெடுப்பது சோம்பேறித்தனம்.

புதுப் பேரினம் என்று உறுதியானால், அதன் பெயர் விலங்குலகில் வேறெதற்கும் இருக்கக் கூடாது. 1930-க்குப் பிந்திய பெயருக்கு வேறுபடுத்தும் விளக்கமும் மாதிரி இனமும் (பேரினப் பெயர் நிலையாகச் சார்ந்திருக்கும் இனம்) கட்டாயம். தென்னைச் சிலந்திக்கு 1965-இல் அமெரிக்க ஆய்வாளர் கீஃபர் சூட்டிய குவெரெரோனிஸ் என்ற இனப்பெயர், மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்தைக் குறிப்பது. அசீரியாவில் வைத்து விவரிக்கப்பட்ட இவ்வினத்தை ஈரியோஃபையஸுக்கு மாற்றி எழுதுபவர், கீஃபரின் பெயரை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும்.