மொரிஸ் மைனரில் கலவை சரியா? பின்னைத் தூக்கிப் பாருங்கள்

மட்டக்களப்பில் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இது. எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் எஸ்.யு. கார்பரேட்டரில், அந்தக் கலவையைச் சோதிக்க ஒரு சின்னப் பின் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை ஓடினால் போதும். ஐடிலில் விட்டு, கார்பரேட்டரின் பக்கத்தில் கீழ்நோக்கி நிற்கும் அந்தப் பின்னை விரலால் மெல்ல மேலே தள்ளுங்கள். முதலில் சும்மா நகரும், அப்புறம் கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தட்டுப்படும். அங்கிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே இருந்தால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

கார்பரேட்டரின் அடியில், பெற்றோல் வரும் சின்னக் குழாயான ஜெட்டின் நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், இறக்கினால் கூடும். அறுகோண நட்டின் ஒரு பக்கம் அளவுக்கு மட்டும் திருப்பி, மறுபடி பாருங்கள்.

புகைக்குழாயில் சென்சர் வைத்துக் கலவையின் அளவைக் காட்டும் கலவை மீற்றர் பூட்டியிருக்கிறீர்களா? ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். மீற்றர் 17 காட்டினால், அதாவது பெற்றோல் குறைவு என்றால், உடனே பெற்றோலைக் கூட்டாதீர்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் அதிகம் என்று அர்த்தம், மீற்றரை நம்ப வேண்டாம். சென்சர் பார்ப்பது ஒட்சிசனை மட்டும்தான். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், ஒட்சிசன் கூடி, பெற்றோல் குறைவு என்றே அது காட்டும். பிளக், அதற்குத் தீப்பொறி கிடைக்க மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்ற், புகைக்குழாய் மூட்டு மூன்றையும் பார்த்த பிறகே ஜெட்டில் கை வையுங்கள்.