வோர்ட் சில்லருக்கு எந்தக் காப்பர் பைப் வாங்குவது?

பீராகப் புளிக்கவைக்கும் முன் கொதிக்கவைக்கும் மால்ட் சாறுதான் வோர்ட், உள்ளே தண்ணீர் ஓட அதைச் சட்டென்று ஆறவைக்கும் காப்பர் சுருள்தான் சில்லர். டர்பனில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பைப்பைத் தேடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரை நினைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி கோடையில் டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெதுவெதுவென்றுதான் வருகிறது, உள்ளே ஓடும் தண்ணீரைவிடக் கீழே வோர்ட்டின் சூட்டை எந்தச் சில்லராலும் இறக்க முடியாது, ஏல் வகை பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்கோ 20 டிகிரி பக்கம் வந்தாக வேண்டும். அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் 7, 8 மீட்டர் பைப் நமக்குப் போதாது.

20 லிட்டர் காய்ச்சலுக்கு 15 மீட்டர் சுருள் ஒன்றை வாங்கி, 10 மீட்டரைப் பானைக்கும் 5 மீட்டரை ஐஸ் பக்கெட்டுக்கும் வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் முதலில் ஐஸுக்குள் போய் அப்புறம் பானைக்கு வரும். ஆனால் வோர்ட் 40 டிகிரிக்கு இறங்கும்வரை ஐஸ் போடாதீர்கள், அதுவரை வெறும் குழாய்த் தண்ணீரே வேகமாகச் சூட்டை இழுத்துவிடும், முன்னாலேயே போட்டால் ஐஸ் வீண்.

ஏசி, ஃபிரிட்ஜ் சாமான் விற்கும் கடையில் மிருதுவான காப்பர் என்று கேளுங்கள். பிளம்பிங்குக்கு நீட்டமாக விற்கும் பைப் விறைப்பானது, சுருட்ட வராது. அளவு 3/8 இன்ச், சுவர் 0.8 மி.மீ. பக்கம். 1/4 இன்ச்சில் தண்ணீர் ஓட்டம் திணறும். 1/2 இன்ச் நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் கையால் வளைத்தால் சட்டென்று நசுங்கும், பெரிய பானை வைத்திருப்பவர்களுக்கு அது சரி.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏசி பைப்பை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே கம்ப்ரசர் எண்ணெய் ஒட்டியிருக்கும், தவிர இந்த ஊரில் காப்பர் திருட்டு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ரசீதோடு புதிதாக வாங்குங்கள்.

பெயிண்ட் டின்னைச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டினால் 3/8 பைப் மடங்காமல் வரும். மேலே திரும்பும் கூர்மையான வளைவுக்கு மட்டும் வளைக்கும் ஸ்பிரிங்கை மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் பானையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளட்டும், ஹோஸ் இணைப்பு ஒழுகினாலும் சொட்டு வோர்ட்டில் விழாது. வெளியே வரும் தண்ணீர் தொடக்கத்தில் கையைச் சுடும் சூடு, அந்தப் பக்கம் சிலிகான் ஹோஸ் போடுங்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவலாம்.

முதல் முறை வினிகரால் கழுவிவிட்டு, கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது சுருளைப் பானைக்குள் இறக்குங்கள். வேலை முடிந்ததும் அலசித் துடைத்துக் காயவையுங்கள். பச்சை பூத்திருந்தால் வினிகரில் அது போகும்வரை பானைக்குள் விடக்கூடாது.