பதினான்கு குறை, ஒரே மனு

தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மனு எழுதத் தெரிந்திருக்கும் என்று நம்பி என்னை எங்கள் தெரு நலச்சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். நானும் ஜோராக மூன்று பக்கம் எழுதினேன். குப்பை, கொசு, குழாய்த் தண்ணீரில் நாற்றம், எரியாத விளக்கு என்று மொத்தம் பதினான்கு குறை. அந்த மனுவை யாரிடம் அனுப்புவது என்று வாங்கியவருக்கும் புரியவில்லை, எழுதிய எனக்கும் தெரியாது. அது அப்படியே தூங்கியது.

ஆகவே முதலில் எது யார் வேலை என்று பாருங்கள். சென்னையில் குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்தெருச் சாலை, கொசு மருந்து எல்லாம் மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். தொங்கும் மின்கம்பி மின்வாரியம். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். வெயில் காயும் நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா? யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் விட்டிருக்கலாம். அப்போது மாநகராட்சி, வாரியம் இரண்டு பேரிடமும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பந்தாட்டம்தான்.

சின்னக் குறைக்கு மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்தால் போதும். விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். புகார் எண், தேதி, பேசியவரின் பதவி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போச்சு, மறுநாள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

பெரிய வேலைக்கு மனு. ஒரு மனுவுக்கு ஒரு குறை, ஒரே பக்கம். வார்டு ஏ.இ.க்கு (மாநகராட்சியின் உதவிப் பொறியாளர்) எழுதி, மண்டல அலுவலருக்கும் கவுன்சிலருக்கும் நகல் கொடுங்கள். நேரில் போய் உங்கள் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். (சீல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பழைய தொழில்.)

நாங்கள் உருப்படியாகச் சாதித்தது சாலை விஷயத்தில்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டால் தெரு உயரும், வீடு பள்ளமாகும், மழைத்தண்ணீர் ஹாலுக்கு வரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளரே 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறார். சாலை வேலை வருகிறது என்று தெரிந்ததும் நான்கு வீட்டு வாசலில் டேப் வைத்துத் தெருவின் மட்டத்தை அளந்தோம். சுவரில் பெயின்ட் கோடு போட்டுத் தேதியோடு படம் எடுத்தோம். ஏ.இ. வந்தபோது யாரும் சத்தம் போடவில்லை, கோட்டை மட்டும் காட்டினோம். அவரே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு எவ்வளவு ஆழம் சுரண்டப் போகிறீர்கள் என்று கேட்டார். இன்னொன்று: சாலை போடுமுன் குடிநீர் வாரியத்தில் குழாய் பதிக்கும் திட்டம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள். புதுச் சாலையைப் பத்தே நாளில் தோண்டுவதைப் பார்க்க வயிறு எரியும்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், வடிகால் தூர்வார ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று போன் செய்தால், எடுப்பவரும் முழங்கால் தண்ணீரில்தான் நிற்பார்.

ஏரியா சபை, அதாவது அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம், என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்திலிருந்து தமிழக நகரங்களில் கூடுகிறது. உங்கள் வார்டில் அடுத்தது எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். பத்துப் பேராகப் போய் ஒருவர் மட்டும் பேசுங்கள், பேசியது பதிவேட்டில் ஏறியதா என்றும் பாருங்கள்.

எதற்கும் பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள். “இன்ன தேதி மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் இதைத் தூக்காதீர்கள். வேலை நடந்தால் ஒரு நன்றிக் கடிதமும் போடுங்கள், அதற்கும் நகல் மண்டல அலுவலருக்கு.

ஏ.இ. மாற்றலாகிப் போவார், அது நடந்துகொண்டே இருக்கும். புதியவர் வந்த வாரமே நோட்டின் கடைசி நான்கு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நான் இதுவரை மூன்று பேரிடம் கொடுத்திருக்கிறேன்.