ஓரினோகோவில் ஹம்போல்ட் சென்ற வழியை வரைபடத்தில் பின்தொடர்வது எப்படி?

ஜெர்மானிய இயற்கை அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டும் தாவரவியலாளர் எமே போன்பிளானும் 1800-இல் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றில் மேற்கொண்ட பயணத்தைப் பலர் முதலைகள், மின் விலாங்குகள், கொசுக்கள் பற்றிய சாகசக் கதையாகவே படிக்கின்றனர். அது ஓர் அளவைப் பயணம் என்பதை மனத்தில் கொண்டு, வரைபடத்தை விரித்து வைத்துப் படித்தால்தான் அதன் அருமை விளங்கும்.

முதலில், ஆறுகளின் நீரோட்டத் திசை தெளிவாகத் தெரியும் வரைபடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எஸ்மெரால்டா என்னும் ஊருக்குச் சற்று மேற்கே ஓரினோகோவிலிருந்து காசிகியாரே என்னும் கிளை பிரிந்து, தென்மேற்காக ஓடி ரியோ நெக்ரோவில் கலக்கிறது. ரியோ நெக்ரோவோ அமேசானின் துணையாறு. இரு பெரும் ஆற்றுப் படுகைகளை இயற்கையே இவ்வாறு இணைத்திருப்பதை அங்குள்ள பழங்குடியினர் அறிந்திருந்தனர். 1744-இல் மானுவேல் ரோமான் என்ற இயேசு சபைத் துறவியும் அவ்வழியே பயணம் செய்தார். ஆயினும், ஐரோப்பியப் புவியியலாளர் சிலர் அதை நம்ப மறுத்தனர். ஆகவே, ஹம்போல்ட் காசிகியாரேயைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது தவறு. அவர் செய்த பெரும்பணி, அது எங்கே இருக்கிறது என்பதை வானியல் அளவீடுகளால் நிலைநாட்டியதே.

அடுத்து, வழியைக் குறியுங்கள். மார்ச் இறுதியில் சான் ஃபெர்னாந்தோ தெ அபுரேயில் படகேறியவர்கள், அபுரே வழியாக ஓரினோகோவை அடைந்து, அத்துரெஸ், மைப்புரெஸ் ஆகிய அருவித்தொடர்களைக் கடந்து, அதபாபோ ஆற்றில் திரும்பினர். அங்கிருந்து தெற்கே சென்று, படகைக் காட்டுவழியே தரையில் இழுத்துச் செல்லச் செய்து, ரியோ நெக்ரோவில் இறங்கினர். பிறகு சான் கார்லோஸிலிருந்து காசிகியாரேயில் எதிர்நீரோட்டத்தில் ஏறி, மீண்டும் ஓரினோகோவை அடைந்து எஸ்மெரால்டா வரை சென்றனர். அதன்பின் ஆற்றோட்டத்தோடு இறங்கி, ஜூன் மாதத்தில் அங்கோஸ்துராவை வந்தடைந்தனர். இன்றைய வரைபடத்தில் அவ்வூரை சியுதாத் பொலிவார் என்ற பெயரில் தேட வேண்டும். அதபாபோ, ரியோ நெக்ரோ ஆகிய கருநீர் ஆறுகளைத் தனி நிறத்தில் வரைந்துகொள்ளுங்கள். கொசுத்தொல்லை அங்கே குறைந்து காசிகியாரேயில் கடுமையானதற்கும் நீரின் தன்மைக்கும் உள்ள தொடர்பு அப்போது கண்ணில் படும்.

இடங்களின் ஆயத்தொலைவுகளை ஒப்பிடும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. அட்சரேகையை விண்மீன் அல்லது சூரியனின் உச்ச உயரத்தைக் கொண்டே கணிக்கலாம். தீர்க்கரேகைக்கோ காலமானி பிழையின்றி ஓட வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், கடிகாரம் ஒரு நிமிடம் தவறினாலே நிலநடுக்கோட்டருகே சுமார் 28 கி.மீ. பிழை நேரும். எனவே அவருடைய அட்சரேகைகள் இன்றைய மதிப்புகளுக்கு நெருக்கமாகவும், தீர்க்கரேகைகள் சற்று விலகியும் இருந்தால் வியப்படைய வேண்டாம். அவர் பாரிஸிலிருந்து கணக்கிட்ட மேற்குத் தீர்க்கரேகையில் 2 பாகை 20 கோண நிமிடத்தைக் கழித்தால்தான் இன்றைய வரைபடங்களில் உள்ள கிரீன்விச் மதிப்பு கிடைக்கும்.

மழைமேகங்கள் வானத்தை மறைத்த இரவுகளில் அவரால் அளக்க இயலவில்லை. அளந்த இடங்களை முழுப் புள்ளிகளாலும், பயண வேகத்தைக் கொண்டு ஊகித்த இடங்களை வெற்று வட்டங்களாலும் குறியுங்கள்.