வாளையாறு தாண்டி வீடு பார்த்தாச்சு, நெட் கணக்கை எதில் பார்ப்பது?

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கஞ்சிக்கோடு, புதுச்சேரி என்று குடிவருகிறவர்கள் (பாண்டிச்சேரி இல்லை, பாலக்காட்டுப் புதுச்சேரி) என்னிடம் முதலில் கேட்பது, "இங்க எந்த நெட் நல்லா இருக்கும்?" என்பதைத்தான். அதற்கு என்னிடம் பொதுவான பதில் கிடையாது. உங்கள் தெருவில் கம்பி இழுத்திருக்கும் கேபிள்காரர் கூப்பிட்ட உடனே வருவாரா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், அதுதான் பதில். அடுத்த கேள்வி ஒரு மாதம் கழித்து வரும். "அன்லிமிடெட்னு சொல்லித்தானே குடுத்தாங்க, இருபதாம் தேதிக்கு மேல ஏன் இப்படி இழுக்குது?" இது அந்தக் கேள்விக்காக எழுதுவது.

அன்லிமிடெட் என்றாலும் அதற்குள் ஒரு கோடு இருக்கும். ஃபைபர் இணைப்புகளில் பரவலாகப் பார்ப்பது மாதம் 3300 ஜிபி. மாடியில் ஆன்டெனா மாட்டித் தரும் கம்பியில்லா ஏர்ஃபைபர் வகைகளில் பெரும்பாலும் 1000 ஜிபி. அதைத் தாண்டினால் நெட் நிற்காது, வேகம் மட்டும் விழும். மொபைல் பிளானில் நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி, அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகாது.

வீட்டு இணைப்பு வரும்வரை முதல் சில வாரம் எல்லோரும் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்டுகிறோம். அப்போது தனியாக எந்த டூலும் வேண்டாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பகுதியே போதும், பெரும்பாலான போன்களில் ஹாட்ஸ்பாட்டில் போனதையும் தனி வரியில் காட்டும். லேப்டாப்பில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று குறித்துவிடுங்கள், விண்டோஸ் பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. ஐபோன்காரர்கள் கவனிக்க: அதில் மொபைல் டேட்டா கணக்கு மாதாமாதம் தானாகப் பூஜ்யமாகாது, நீங்கள்தான் ரீசெட் செய்ய வேண்டும்.

வீட்டு இணைப்பு வந்தபிறகு, டூல் தேடுவதற்கு முன் உங்கள் கேள்வி எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு போனது என்பது ஒன்று, எது இழுத்தது என்பது வேறு. கரண்டு மீட்டர் மொத்த யூனிட்டைச் சொல்லும். ஃபிரிட்ஜா, மோட்டாரா என்று சொல்லாது.

முதல் கேள்விக்கு நிறுவனத்தின் ஆப் அல்லது வாடிக்கையாளர் பக்கம் போதும். அவர்கள் எண்ணுவதை வைத்துத்தான் வேகம் குறைகிறது, ஆகவே உங்கள் டூல் என்ன சொன்னாலும் அதுதான் செல்லும். ஆப் சரியாகக் காட்டவில்லையா, கேபிள்கார சேட்டனுக்குப் போன் போட்டு, "ஈ மாசம் எத்ர ஜிபி ஆயி? லிமிட் கழிஞ்ஞோ?" என்று கேளுங்கள். ‘கழிஞ்ஞு’ என்று பதில் வந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் வீடு எடுத்திருந்தால் தமிழிலேயே கேட்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு நிறையப் பேர் லேப்டாப்பில் ஏதாவது ஒன்றை இன்ஸ்டால் செய்வதில் ஆரம்பிக்கிறார்கள். விண்டோஸ் செட்டிங்ஸிலேயே எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று கடைசி 30 நாள் கணக்கு இருக்கிறது. உங்கள் பில் தேதியோடு அது ஒத்துவராது, அவ்வளவுதான் குறை. கிளாஸ்வயர் (GlassWire) என்ற டூல் படமாக வரைந்து காட்டும், எந்த ஆப் எங்கே பேசுகிறது என்பதும் தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்கு அதைச் சொல்வேன். நெட்வொர்க்ஸ் (NetWorx) என்ற டூல் மாதக் கணக்குக்கும், கோட்டா நெருங்கினால் எச்சரிக்கவும் நல்லது. முன்பு இலவசம், இப்போது காசு. லினக்ஸ் வைத்திருந்தால் விஎன்ஸ்டாட் (vnStat) என்ற டூல் போதும், பாரமே தெரியாது. போனுக்கு டேட்டா மானிட்டர் என்று வரும் ஆப்களில் சில விபிஎன் அனுமதி கேட்கும். உங்கள் போக்குவரத்து முழுவதும் அதன் கை வழியாகப் போகும் என்பது அதற்கு அர்த்தம். நான் கொடுப்பதில்லை.

இவை எல்லாம் அந்தந்த மெஷினைத்தான் எண்ணும். டிவி, கேமரா, வந்துபோகும் தம்பியின் போன் எதுவும் அதில் வராது. இது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

கஞ்சிக்கோட்டில் மாடி வீடு, ஏர்ஃபைபர், 1000 ஜிபி. லேப்டாப் கணக்கு 120 ஜிபியைத் தாண்டவில்லை, ஆனால் ஒவ்வொரு மாதமும் இருபதுக்கு மேல் நெட் நொண்டியது. வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன், அவள் பார்க்கும் சீரியலைச் சந்தேகப்பட்டேன். வாங்கிக்கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் பட்டியலில் பெயர் தெரியாத ஒன்று. கீழே ஹவுஸ் ஓனர் சேட்டன் கேட்டுக்கு மாட்டியிருந்த சிசிடிவி! ஓணத்துக்கு அவர் வந்தபோது பாஸ்வேர்டு நானே கொடுத்திருக்கிறேன். 2 எம்பிபிஎஸ்ஸில் ராப்பகலாகக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. கணக்குப் போடுங்கள்: மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி. இறக்குவது மட்டும்தான் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஏற்றுவதும் சேர்த்துத்தான்.

ஆகவே, வீட்டில் நாலு சாதனத்துக்கு மேல் இருந்தால் ரவுட்டரில் எண்ணுங்கள். நிறுவனம் கொடுத்த பெட்டியில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, அல்லது பூட்டியிருப்பார்கள். அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்டி, எல்லாவற்றையும் அதன் வைஃபைக்கு மாற்றி, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அசூஸ் ரவுட்டர்கள் பலவற்றில் டிராஃபிக் அனலைசர் என்ற கணக்குப் பக்கம் உள்ளேயே வருகிறது. ரவுட்டரில் அதன் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச மென்பொருளைப் போட முடிந்தவர்களுக்கு என்எல்பிடபிள்யூமான் (nlbwmon) என்ற சின்ன டூல் சாதனவாரியாகக் கணக்கு வைக்கும். இப்போதைய போன்கள் உண்மையான மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) காட்டாமல் வேறொன்றைச் சொல்லும் என்பதால், ஒவ்வொன்றாக இணைத்துப் பெயர் வைத்துக்கொள்வது உத்தமம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

உங்கள் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் பொருந்தாது, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு ஜிபியை 1000 எம்பி என்று எண்ணுபவர் உண்டு, 1024 என்று எண்ணுபவரும் உண்டு. அவர்களுடைய 1000 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 931தான்.

நம்ம ஊர்க்காரர்கள் இங்கே தவறவிடுவது இன்னொன்று, இடி. துலாவர்ஷம் தொடங்கினால், அதாவது அக்டோபர், நவம்பரில், மதியத்துக்கு மேல் வானம் கறுத்தாலே எல்லோரும் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நீங்களும் பிடுங்குங்கள். ஆனால் ரவுட்டரில் ஓடும் பல டூல்கள் கணக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைக்கின்றன, மின்சாரம் போனால் மாதக் கணக்கும் போகும். என்எல்பிடபிள்யூமானும் போட்டபடியே விட்டால் அப்படித்தான். ரவுட்டரில் யூஎஸ்பி இருந்தால் ஒரு பழைய பென்டிரைவைச் செருகி, கணக்கை அதில் எழுதச் சொல்லுங்கள். யூஎஸ்பி இல்லாத மாடலா, பிளக்கைப் பிடுங்குமுன் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.